கடன் அடைக்கும் ஆண்டில் இடைவிட்டு வரும் செலவுகள்

மாதந்தோறும் தவறாமல் தவணை கட்டிவரும் ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ அதே அளவு கடனோடு நிற்குமானால், அதற்கு ஊதாரித்தனத்தைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்துபோகும் செலவுகள் மாதத் திட்டத்தில் இடம்பெறாமல் போனதே பெரும்பாலும் காரணமாகத் தெரியவரும். அரிசி, பால், வாடகை, பேருந்துக் கட்டணம் ஆகியவை மாதக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணமும், தீபாவளித் துணிமணியும், வண்டிக் காப்பீடும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கான மொய்யும் அவ்வாறு அடங்குவதில்லை. அவை வந்து நிற்கும்போது, கையிருப்பு முழுவதும் கடனுக்குப் போய்விட்டிருப்பதால், புதிதாக ஒரு கடன் வாங்கப்படுகிறது. பழைய கடன் குறைந்த அளவுக்குப் புதிய கடன், அதுவும் பெரும்பாலும் கூடுதல் வட்டியில், வளர்கிறது. எனவே இவ்வத்தியாயம், கடனை எவ்வளவு வேகமாக அடைப்பது என்பதைவிட, அடைத்த கடன் மீண்டும் முளைக்காமல் இருக்க மாதந்தோறும் எவ்வளவு தொகையைக் கடனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதையே ஆராய்கிறது.

இத்தகைய செலவுகளுக்கு இங்கு 'இடைச்செலவு' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. இடைவிட்டு வந்தாலும் வருவது உறுதியான செலவு என்பது அதன் பொருள். இதனைத் திடீர்ச் செலவிலிருந்து பிரித்தறிய வேண்டும். விபத்து, திடீர் அறுவைச் சிகிச்சை, வேலையிழப்பு ஆகியவை திடீர்ச் செலவின் பாற்பட்டவை. அவற்றின் நாளும் தெரியாது, தொகையும் தெரியாது. இடைச்செலவில் இரண்டில் ஒன்றாவது தெரியும். காப்பீட்டு பிரீமியத்தின் நாளும் தொகையும் அச்சிட்டே வருகின்றன. தீபாவளியின் நாள் நாட்காட்டியில் இருக்க, தொகை மட்டும் குடும்பத்தின் விருப்பத்துக்கேற்ப நீளவும் சுருங்கவும் செய்கிறது. இருசக்கர வண்டியின் டயர் எந்த மாதத்தில் தேய்ந்து முடியும் என்பது தெரியாவிட்டாலும், அதன் விலை தெரியும். தீபாவளி வந்துவிட்டதே என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் திகைக்கும் குடும்பம், இடைச்செலவைத் திடீர்ச் செலவாக நடத்துகிறது.

இடைச்செலவுக்கெனச் சிறிது சிறிதாகப் பணம் சேர்க்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் சேர்த்துவைத்த சிறுவாடு, பல வீடுகளில் பள்ளிக் கட்டணமாகவும் மருந்துச் செலவாகவும் மாறியிருக்கிறது. சிறுவாட்டின் வலிமை அது பிறர் கண்ணில் படாமல் இருப்பதில் உள்ளது; அதன் குறையோ, இன்ன செலவுக்கு இவ்வளவு என்ற பெயர் அதன்மேல் எழுதப்படாமல் இருப்பதில் உள்ளது. பெயரில்லாத பணம் முதலில் வரும் தேவைக்குப் போய்விடும். இவ்வத்தியாயம் கூறும் முறையைச் சிறுவாட்டுக்குக் கணக்கும் நாட்காட்டியும் சேர்த்த வடிவம் என்று கொள்ளலாம்.

செலவுகளைக் கண்டெடுத்தல்

முதல் வேலை, கடந்த 12 மாதங்களின் இடைச்செலவுகளைப் பட்டியலிடுவது. வங்கிக் கணக்குப் புத்தகமும் கைபேசிப் பணப்பரிமாற்றச் செயலியின் பதிவுகளும் இதற்கு உதவும் எனினும், அவற்றைவிடத் துல்லியமான சான்று அடகுக்கடை ரசீதுகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு நகையும் எந்தத் தேதியில் அடகுக்குப் போனது, ஒவ்வொரு கைமாற்றும் எந்த வாரத்தில் வாங்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு முன்பின் இரண்டு வாரங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால், திட்டத்தில் விடுபட்ட இடைச்செலவு அங்கே இருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரங்களிலும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களிலும் அத்தகைய தேதிகள் குவிந்திருப்பதைப் பல குடும்பங்கள் காணக்கூடும்.

பட்டியலில் எளிதில் விடுபடுபவை சில உண்டு. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை வருவது; சென்னையில் அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும், செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதால், அதனைத் தள்ளிப்போடுவது நட்டமாகும். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், அதனை இடைச்செலவாகக் கொள்ளாமல் பாதியாகப் பிரித்து மாதச் செலவிலேயே சேர்ப்பது நலம். கோடைக் கட்டணத்துக்கு மட்டும் சற்றுக் கூட்டிவைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, பல் மருத்துவம், கைபேசி, மிக்சி, துவைப்பு இயந்திரம் ஆகியவற்றுக்கு ஆண்டுத் தேய்மானம் என்ற கணக்கு பொருந்தும். 20,000 ரூபாய்க் குளிர்பதனப் பெட்டி பத்தாண்டுகள் உழைக்கும் என எடுத்துக்கொண்டால், அது ஆண்டுக்கு 2,000 ரூபாய் செலவு வைக்கிறது; பழுதாகும் ஆண்டில் மட்டுமே அந்தச் செலவு வருவதுபோலத் தோன்றுவது மயக்கமே.

மொய்யைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது, ஏனெனில் அது செலவா கடனா என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா ஆகியவற்றில் உறவினரும் ஊராரும் அளிக்கும் பணம் நோட்டில் பெயரோடு எழுதப்படுகிறது. அவரவர் வீட்டு விசேடத்தில் அதே தொகையை, பெரும்பாலும் சற்றுக் கூட்டி, திருப்பிச் செய்வது வழக்கம். தென் மாவட்டங்களில் இதனைச் செய்முறை என்பர். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தை ஒட்டி, விசேடம் எதுவும் இல்லாமலேயே பணம் திரட்டுவதற்கென மொய் விருந்து நடத்தப்படுகிறது. கணக்கியல் நோக்கில், வாங்கிய மொய் என்பது வட்டி குறிக்கப்படாத, தவணை நாள் குறிக்கப்படாத கடன். ஆகையால் கடன் பட்டியலை எழுதும்போது மொய் நோட்டையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டில் பெரிய தொகை எழுதிய வீடுகளில் மணவயதை எட்டும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினாலே, வரும் இரண்டு ஆண்டுகளின் மொய்ச் செலவு ஓரளவு தெரிந்துவிடும். திருமணங்கள் பொதுவாக ஆடியிலும் மார்கழியிலும் நடைபெறாமல், வைகாசி, ஆவணி, தை, பங்குனி மாதங்களில் நெருங்கி வருவதால், மாதமும் பெருமளவு தெரிந்ததே. பிற கடன்களை அடைப்பதற்காகவே ஒரு விசேடம் வைத்து மொய் வாங்கும் எண்ணம் சிலருக்கு எழுவதுண்டு. விருந்துச் செலவு போக மிஞ்சும் தொகையைக் காட்டிலும் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை எப்போதும் பெரிது என்பதால், அது கடனைக் குறைக்காமல் இடம் மாற்ற மட்டுமே செய்யும்.

மாத ஒதுக்கீட்டின் கணக்கு

முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாத வருமானம் 46,000 ரூபாய் உள்ள, இரு பிள்ளைகள் படிக்கும் குடும்பம் ஒன்றில், மாதச் செலவு 28,000, வங்கித் தனிநபர்க் கடனின் தவணை 5,000 எனக் கொள்ளலாம். இதற்கு மேல், தெரிந்தவர் ஒருவரிடம் 1,00,000 ரூபாய் 'இரண்டு வட்டி'க்கு வாங்கப்பட்டுள்ளது. இரண்டு வட்டி என்பது 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு; வங்கி ஆண்டுக் கணக்கிலும் கைக்கடன் மாதக் கணக்கிலும் வட்டியைச் சொல்வதால், இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றாமல் ஒப்பிடக்கூடாது. இந்தக் கடனுக்கு மாத வட்டி 2,000 போக, குடும்பத்தின் கையில் 11,000 ரூபாய் மிஞ்சுவதாகத் தெரிகிறது. அதனை முழுவதும் அசலுக்குக் கட்டினால் ஒன்பது மாதங்களில் கடன் தீர்ந்துவிடும் என்று கணக்குச் சொல்லும்.

அந்தக் கணக்கில் இடைச்செலவு இல்லை. குடும்பத்தின் ஓராண்டு இடைச்செலவுகள் மாதவாரியாகப் பின்வருமாறு அமைகின்றன எனக் கொள்ளலாம்: ஏப்ரலில் சொத்துவரி 1,500, மே மாதத்தில் மொய் 3,000, ஜூனில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுகள் என 22,000, ஜூலையில் வண்டிக் காப்பீடும் பராமரிப்பும் 2,000, ஆகஸ்டில் மருத்துவம் 3,500, செப்டம்பரில் மொய் 3,000, அக்டோபரில் இரண்டாம் பருவக் கட்டணமும் சொத்துவரியும் சேர்த்து 11,500, நவம்பரில் தீபாவளிக்கு 12,000, டிசம்பரில் டயர் 4,000, ஜனவரியில் பொங்கலுக்கு 5,000, பிப்ரவரியில் மொய்யும் மருத்துவமும் 7,500, மார்ச்சில் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 9,000. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 7,000. ஆக, கையில் மிஞ்சுவதாகத் தோன்றிய 11,000இல் உண்மையான மிச்சம் 4,000 மட்டுமே. கடன் ஒன்பது மாதங்களில் தீராது, ஏறத்தாழ 21 மாதங்கள் எடுக்கும். இந்த எண் மகிழ்ச்சி தராது. ஆயினும் ஒன்பது மாதத் திட்டம் மூன்றாவது மாதத்திலேயே முறிந்துவிடும் திட்டமாகும்: ஏப்ரலிலும் மே மாதத்திலும் மிச்சம் அனைத்தையும் அசலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு, ஜூனில் 22,000 தேவைப்படும்போது கையில் 11,000 மட்டுமே இருக்கும்.

பன்னிரண்டால் வகுப்பதோடு பல வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. அங்குதான் திட்டம் தவறுகிறது. செலவுகள் சம இடைவெளியில் வருவதில்லை என்பதால், சேர்ந்த தொகை சில மாதங்களில் தேவையை எட்டாது. மேற்கண்ட குடும்பம் ஏப்ரலில் தொடங்கி மாதம் 7,000 ஒதுக்கினால், ஜூன் முடிய 21,000 சேரும். அதுவரை வந்த செலவோ 26,500. குறை 5,500. ஆகஸ்ட் முதல் கணக்கு மிகுதியில் நின்று, நவம்பரில் மீண்டும் 2,500 குறையும். இவற்றுள் பெரிய குறையான 5,500ஐத் 'தொடக்க இருப்பு' எனலாம். அதனை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் ஆண்டு முழுவதும் குறை ஏற்படாது. அதற்காக ஏப்ரலில் மிச்சம் 11,000ஐயும் ஒதுக்கிவிட்டு, மே மாதத்தில் 8,500 ஒதுக்கி, அசலுக்கான கூடுதல் தொகையை மே மாதத்தில் 2,500 எனத் தொடங்கி, ஜூன் முதல் 4,000 ஆக்கலாம். கடன் தீர ஒரு மாதம் கூடுதலாகி, 22 மாதங்கள் ஆகும்.

தொடங்கும் மாதத்தைப் பொறுத்துத் தொடக்க இருப்பு மாறும். இதே குடும்பம் ஜூனில் தொடங்கினால் முதல் மாதத்திலேயே 15,000 குறையும். ஜூலையில் தொடங்கினாலோ தொடக்க இருப்பே தேவைப்படாது, ஏனெனில் பள்ளிச் செலவு கடந்துபோய், அடுத்த பெருஞ்செலவுக்கு மூன்று மாதங்கள் உள்ளன. எனவே ஒவ்வொரு குடும்பமும் தொடங்கும் மாதம் முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு, சேரும் தொகையையும் செலவாகும் தொகையையும் கூட்டிக்கொண்டே சென்று, இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய குறையைக் கண்டறிய வேண்டும். ஒரு தாளில் கால் மணி நேரத்தில் முடியும் வேலை இது.

வட்டி குறித்த மறுப்பு

இம்முறைக்கு எதிராக எழுப்பப்படும் மறுப்பு வலுவானது. 24 விழுக்காடு வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு, சொற்ப வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் பணத்தை வைப்பது நட்டம் அல்லவா என்பது அது. நட்டமே. ஆனால் அளவைக் கணக்கிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், மாத இறுதிகளில் ஒதுக்கீட்டுக் கணக்கில் நிற்கும் தொகையின் சராசரி ஏறத்தாழ 7,500. அதனைக் கடனுக்குக் கட்டாததால் ஏற்படும் கூடுதல் வட்டி ஆண்டுக்கு 1,800 ரூபாய் அளவில் நிற்கும். மறுபுறம், ஜூனில் கைவிரித்து நிற்கும் குடும்பம் தண்டலுக்குப் போகுமானால், 10,000 ரூபாய்க் கடனில் 1,500 முன்னதாகவே பிடிக்கப்பட்டு 8,500 கைக்கு வர, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டியிருக்கும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால், இதன் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டை எட்டுகிறது. பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இந்த 1,500, நூறு நாட்களுக்கு மட்டுமே உரிய செலவு. தீபாவளிக்கு இன்னொரு தண்டல் எடுத்தால் ஆண்டுக்கு 3,000 ஆகும். அன்றாட வசூலால் மாதக் கணக்கில் 3,000 ரூபாய் அளவுக்கு விழும் ஓட்டை வேறு.

மறுப்பு முழுமையாகச் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. கடன் அட்டையில் நிலுவை வைத்திருப்போர், கட்டிய தொகையை வரம்புக்குள் மீண்டும் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதால், கையிருப்பை அட்டைக்குக் கட்டிவிட்டு, பள்ளிக் கட்டணத்தை அட்டையிலேயே செலுத்துவது வட்டிக் கணக்கில் இலாபமாகத் தெரியும். மாதத்துக்கு 3 முதல் 3.75 விழுக்காடு வரையிலான வட்டியும் அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் விதிக்கப்படும் நிலையில், அந்த இலாபம் சிறியதன்று. ஆனால் மொய்க் கவரில் அட்டையை வைக்க முடியாது. அதற்காக ஏடிஎம்மில் அட்டைவழிப் பணம் எடுத்தால் அன்றே கட்டணமும் வட்டியும் தொடங்கிவிடும். வரம்பை வங்கி குறைத்துவிடும் வாய்ப்பும் உண்டு. எனவே அட்டைக் கடன் உள்ள குடும்பம், ரொக்கமாகவே தர வேண்டிய இடைச்செலவுகளுக்கும் அடுத்த இரண்டு மாதச் செலவுகளுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியை அட்டைக்குக் கட்டுவது பொருத்தமாகும். கைக்கடன், தனிநபர்க் கடன், சுயஉதவிக் குழுக் கடன் ஆகியவற்றில் கட்டிய பணம் திரும்பி வராது; அவற்றுக்கு முழு ஒதுக்கீடே தேவை.

கைக்கடனில் நடைமுறைச் சிக்கல் வேறொன்று. அசலில் 4,000, 5,000 என்று சிறுதொகை வாங்கக் கடன் கொடுத்தவர் தயங்கக்கூடும். அவ்வாறாயின் மூன்று மாதத் தொகையைச் சேர்த்துக் கொடுக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்புறத்தில் தேதியோடு வரவு எழுதப்படுவதை நேரில் பார்த்து, அதனைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது எனினும், அச்சட்டத்தை நாடும் நிலை வந்தாலும் எழுத்துச் சான்றே கைகொடுக்கும்.

பணத்தை வைக்கும் இடம்

ஒதுக்கீட்டுத் தொகையைச் சம்பளம் வரும் கணக்கிலேயே விட்டுவைத்தால் அது கரைந்துவிடும். அஞ்சலகத்திலோ வேறொரு வங்கியிலோ தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதற்குக் கைபேசிச் செயலியை இணைக்காமல் விடுவது எளிய தடுப்பாகும். தொடர் வைப்புக் கணக்கு, தீபாவளி போன்ற ஒரே நாளில் முடியும் செலவுக்குப் பொருந்தும். பல மாதங்களில் சிறுகச் சிறுக எடுக்க வேண்டிய தொகைக்குப் பொருந்தாது.

தீபாவளிப் பலகாரச் சீட்டும் நகைச் சீட்டும் இடைச்செலவுக்காகவே தோன்றிய ஏற்பாடுகள்தாம். ஆனால் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படாத தனிநபரிடம் கட்டும் பணத்துக்கு, அவருடைய நாணயம் தவிர வேறு பிணை இல்லை. ஐப்பசி பிறக்கும்போது சீட்டு நடத்தியவர் வீடு பூட்டிக் கிடக்கும் செய்தி ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரிலிருந்து வருகிறது. ஏலச்சீட்டு வேறு வகைப்பட்டது. அதில் தொடக்க மாதங்களிலேயே தள்ளுபடி கொடுத்துச் சீட்டை எடுப்பவர், பெயரளவில் சேமிப்பவர் எனினும் உண்மையில் கடன் வாங்குபவரே. விட்டுக்கொடுத்த தள்ளுபடிதான் அவர் கட்டும் வட்டி.

தீபாவளியை ஒட்டி வரும் போனஸை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுவதே தக்கது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்து, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் தக்கவைத்துள்ள குறைந்தபட்ச அளவு, ஊதிய வரம்புகளுக்கு உட்பட்டு, 8.33 விழுக்காடாகும், அது தகுதியுடைய தொழிலாளிக்கு மட்டுமே உரியது, எல்லா ஊழியருக்கும் உரியதன்று. போனஸ் வந்தால் அதனை ஒரே தொகையாக அசலுக்குக் கொடுக்கலாம்; அது வராத ஆண்டிலும் தீபாவளி 12,000 ரூபாய்க்குள் நடந்து முடியும்.

ஒதுக்கீடு தவறும் மாதங்கள்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒதுக்கீடு போதாமல் போகும் மாதம் வரக்கூடும். அப்போது முதலில் குறைக்கத்தக்கது அசலுக்கான கூடுதல் தொகை; வட்டியும் வங்கித் தவணையும் அல்ல. அதுவும் போதாதாயின், கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைப்பது, இரண்டு வட்டிக்குக் கைக்கடன் வாங்குவதைவிடவும் தண்டலைவிடவும் மலிவானது. நகைக்கடனில் மறைந்திருக்கும் இடர், ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி அதே நகையைத் திருப்பி வைக்கும் பழக்கம். அசல் அப்படியே நிற்க, நகை மட்டும் வீடு திரும்புவதில்லை. ஆகவே நகை வைக்கப்படும் நாளிலேயே, அதனை மீட்பதற்கான தொகையை மாதங்களாகப் பிரித்து இடைச்செலவுப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும்.

திடீர்ச் செலவுக்கு இந்தக் கணக்கைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகக் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது; மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போது எந்தக் குடும்பமும் பெயர் எழுதிய பணம், எழுதாத பணம் என்று பிரித்துப் பார்க்காது. தகுதியுடைய குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஈடு தரும் அட்டையை நோய் வருவதற்கு முன்னரே பெற்றுவைப்பது இவ்விடரைப் பெருமளவு குறைக்கும். ஆனால் மருத்துவமனையில் சேராமல் வாங்கும் மாத்திரைகளும் பரிசோதனைகளும் பெரும்பாலும் கைப்பணத்தில்தான் நடைபெறுகின்றன என்பதாலேயே, மேற்கண்ட எடுத்துக்காட்டில் மருத்துவத்துக்கு 7,000 ரூபாய் இடைச்செலவாக ஒதுக்கப்பட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாத இறுதியில், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு எண்களைத் திருத்த வேண்டும். மேற்கண்ட குடும்பத்தில் மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புக்குச் செல்லுமானால், ஜூன் மாதத்து 22,000 அடுத்த ஆண்டு 22,000ஆக இருக்காது. அந்தக் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் ஏப்ரலிலேயே கேட்டறிந்து, ஏறிய தொகையை மே மாத ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், கடனுக்கான 4,000 அந்த ஒரு மாதத்தில் 1,500ஆகவோ 2,000ஆகவோ குறைந்து, ஜூனில் பழைய அளவுக்குத் திரும்பும்.